உங்களுக்குத் தெரியுமா? பாம்பு கடித்தால்...

● உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் விஷம் ஏறுவது 18 லட்சம் முதல் 27 லட்சம் பேருக்கு. இறப்பவர்கள் 81 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 38 ஆயிரம் வரை. இது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குறைந்த கணக்குக்கும் கூடுதல் கணக்குக்கும் நடுவே ஏன் இத்தனை பெரிய இடைவெளி? செத்தவர்களில் பெரும்பாலோர் காட்டிலும் வயலிலும் பாடுபடும் ஏழைகள். வீட்டிலோ வழியிலோ உயிர் போய்விடுகிறது. எண்ணிக்கை எடுக்கிற இடத்துக்கு அவர்கள் வந்து சேருவதே இல்லை.

● இந்தக் கணக்கில் முதலிடம் நமக்குத்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம். வீடு வீடாகப் போய், ‘இந்த வீட்டில் யார் இறந்தார், எப்படி இறந்தார்’ என்று கேட்டுத் திரட்டிய பெரிய ஆய்விலிருந்து வந்த எண் இது. அதே ஆய்வின் முதல் முடிவு 2011-ல் வெளிவந்தபோது, அரசு மருத்துவமனைகள் காட்டிய இறப்புக் கணக்கைவிட உண்மை 30 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அத்தனை காலமும் பொய்க் கணக்கு எழுதினார்கள் என்பதல்ல இதன் பொருள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை மட்டும் எழுதினார்கள். இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை.

● ஓர் இந்தியர் 70 வயதுக்குள் பாம்புக்கடியால் இறக்கும் வாய்ப்பு, சராசரியாக 250-ல் ஒன்று.

● ஆஸ்திரேலியாவின் பாம்புகள்தான் உலகிலேயே கொடிய விஷமுள்ளவை என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே பாம்பு கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். விஷம் எவ்வளவு கொடியது என்பதைவிட, மனிதன் வெறுங்காலோடு நடக்கிறானா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கணக்கை எழுதுகிறது.

● இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி எல்லாம் சாதுக்கள். கொம்பேறி மூக்கன் கடித்தவனைச் சுடுகாடுவரை தொடர்ந்து வந்து, மரத்தில் ஏறிப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் போகும் என்பது பாட்டிமார் கதை. பாவம், அதற்கு விஷமே இல்லை.

● கொல்லுகிற வேலையில் பெரும்பகுதியைச் செய்பவை நான்கு: நல்ல பாம்பு எனும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மருத்துவர்கள் இவற்றைப் ‘பெரிய நான்கு’ என்பார்கள். சுருட்டை விரியனைப் பார்த்தால் பெரியது என்ற பட்டம் கொடுக்கத் தோன்றாது. பெரும்பாலும் இரண்டடியைத் தாண்டாது. உடம்பைச் சுருட்டி, செதிலோடு செதிலை உரசி ‘கரகர’வென்று ஒலியெழுப்பும். கண்ணாடி விரியன் அப்படியில்லை. சீண்டினால் குக்கர் விசில் மாதிரி சீறும். எச்சரிக்கை கொடுப்பதில் அதுபோலத் தாராளம் வேறு பாம்புக்கு இல்லை.

● கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் டஜன் கணக்கில் போடும். குட்டிக்கும் பிறந்த நாளிலிருந்தே விஷமும் பல்லும் உண்டு. ‘சின்னதுதானே’ என்று குச்சியால் நகர்த்த வேண்டாம்.

● இவற்றில் மோசமான ஏமாற்றுக்காரன் கட்டுவிரியன். கறுத்த உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சோம்பேறி, இரவில் வேட்டைக்காரன். எலியையும் பல்லியையும் மற்ற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டால் கடிக்கும். பல் அத்தனை சிறியது. கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காமல் போவதுண்டு. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, சில சமயம் பல் பட்ட தடமே தெரியாது.

விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்துகொண்டு எழுவார். வாயு என்று நினைத்து வீட்டில் ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பார்கள். சற்று நேரத்தில் இமை கனக்கும். தூக்கம் போதவில்லை என்பார். பிறகு ஒன்று இரண்டாகத் தெரியும்; எச்சில் விழுங்க முடியாது; பேச்சு குழறும்; கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இரவில் தரையில் படுத்து, விடியும்போது வயிற்றுவலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்றே மருத்துவர் சந்தேகிப்பார். நீங்களும் அப்படியே சந்தேகியுங்கள்.

● கட்டுவிரியன் கடித்து வென்டிலேட்டரில் கிடப்பவருக்குக் கண் திறக்காது, கை கால் அசையாது, கண்மணிகூட விரிந்து ஒளிக்கு அசையாமல் நிற்கலாம். பார்த்தால் மூளைச் சாவு போலவே இருக்கும். ஆனால் உள்ளே நினைவு இருக்கலாம். பேசுவது அவருக்குக் கேட்கலாம். கட்டில் பக்கத்தில் நின்று ‘இனி அவ்வளவுதான்’ என்று பேசக் கூடாது. இவர்களில் பலர் சில நாளில் எழுந்து உட்கார்ந்து, நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

● இதற்குக் காரணம் உண்டு. கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே கெடுத்துவிடும். ஒருமுறை கெட்ட நுனியை விஷமுறிவு மருந்தால் சரிசெய்ய முடியாது. உடம்பே அதைப் புதிதாக வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை நோயாளிக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். வென்டிலேட்டர் கிடைக்காத இடங்களில் உறவினர்கள் முறைபோட்டு மணிக்கணக்காகக் கையால் பலூன் அமுக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

● நாகத்தின் விஷமும் மூச்சைத்தான் நிறுத்தும், ஆனால் வேறு வழியில். நரம்பின் செய்தியைத் தசை வாங்கும் இடத்தில் போய் அது அடைத்துக்கொள்ளும். அடைப்பு என்பதால் எடுக்கவும் முடியும். நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற மலிவான இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், சரிந்த இமை மேலே ஏறுவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். நாகம் கடித்த இடம் வேறு வீங்கிக் கறுத்து, சதை அழுகுவதும் உண்டு.

● விரியன்களின் வேலை ரத்தத்தில். ரத்தம் உறையாமல் போகும். ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும், பழைய புண் திரும்ப ஒழுகும். கண்ணாடி விரியன் இத்தோடு சிறுநீரகத்தையும் குறிவைக்கும். உயிர் தப்பியவர் சிலநாள் டயாலிசிஸில் இருக்க நேரும். சிலருக்கு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியே கெட்டு, மாதங்கள் கழித்துச் சோர்வும் முடி உதிர்வும் தலைகாட்டும். அந்தச் சோர்வுக்கும் பழைய கடிக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் கடியைச் சொல்ல வேண்டும்.

● ரத்தம் உறைகிறதா என்று பார்க்க லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும். தண்ணீராக வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனையை நம்பித்தான் ஊசி போடலாமா, இன்னும் போட வேண்டுமா என்ற முடிவுகள் நடக்கின்றன.

● இரண்டு பல் தடம் இருந்தால் விஷப்பாம்பு, நிறைய இருந்தால் சாதாரணப் பாம்பு என்பது பாதி உண்மைகூட இல்லை. விஷப்பாம்பு ஒரே தடம் பதிக்கலாம், கீறிவிட்டுப் போகலாம், தடமே இல்லாமலும் கடிக்கலாம்.

● விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷம் இறங்குவதில்லை. இதை வெற்றுக்கடி என்கிறார்கள். மந்திரிப்பவர்களுக்கும் பாம்புக்கல் வைப்பவர்களுக்கும் கிடைத்த புகழில் பெரும்பங்கு வெற்றுக்கடிக்கும் விஷமில்லாத பாம்புகளுக்கும் சேர வேண்டியது. பத்துப் பேரில் ஏழு எட்டுப் பேர் எப்படியும் பிழைக்கக்கூடியவர்கள் என்றால், எந்த வேரும் கைகண்ட மருந்துதான்.

● சிறியாநங்கை இலையை மென்று பார், கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம் என்று சோதிப்பது இன்னும் நடக்கிறது. மிளகைக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பதும் உண்டு. விஷம் நாக்கின் சுவையை அப்படி மாற்றுவதில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கும் முதல் அரைமணியில் சிறியாநங்கை கசக்கத்தான் செய்யும். ‘கசக்குதே’ என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

● கடித்த இடத்துக்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது நம் எல்லோருக்கும் பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தது. இப்போது கூடாது என்கிறார்கள். ரத்த ஓட்டம் நின்று கை கால் அழுகும். விரியன் கடியில் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையை இன்னும் அரிக்கும். கட்டை அவிழ்த்த நொடியில் தேங்கிய விஷமெல்லாம் ஒன்றாக ஏறி, அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஆஸ்பத்திரி வாசலில் சாய்ந்துவிடுவார். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். மருத்துவர் மருந்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்.

● பிளேடால் கீறுவது: ரத்தம் உறையாதவரைக் கீறினால் அந்தக் கீறலிலேயே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். வாயால் உறிஞ்சுவது: சினிமாவில் காதல் வளர உதவும், மற்றபடி விஷம் வராது. ஐஸ் வைப்பது, மின்சாரம் கொடுப்பது, கோழியின் ஆசனவாயை வைத்து விஷம் இறக்குவது: எதுவும் வேண்டாம்.

● சரி, என்னதான் செய்வது? செய்ய வேண்டியவை மிகக் குறைவு. கடிபட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள். அவர் நடக்கவோ ஓடவோ கூடாது, தசை அசைய அசைய விஷம் பரவும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல, இறுக்காமல் ஒரு குச்சி வைத்துக் கையையோ காலையோ அசையாமல் கட்டுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். வாந்தி இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, அதன்பின் என்னென்ன தெரிந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல ஒருவர் கூடவே போக வேண்டும்.

● பைக் என்றதும் நினைவுக்கு வருவது நேபாளம். தென்கிழக்கு நேபாளத்தின் சமவெளிக் கிராமங்களில், பாம்பு கடித்தவர்களை உடனே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோகத் தன்னார்வ பைக் ஓட்டிகளை ஏற்பாடு செய்து, ஊர்க்காரர்களுக்கும் விளக்கிச் சொன்னார்கள். அதற்கு முன் அந்தக் கிராமங்களில் கடிபட்ட நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பிறகு அது 200 பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பெட்ரோல் செலவுதான்.

● பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டதுதான் மிச்சம். துண்டான பாம்புத் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும். எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். நம் நாட்டு விஷமுறிவு ஊசி மேலே சொன்ன நான்குக்கும் சேர்த்துத் தயாரித்தது. எந்தப் பாம்பு என்று தெரியாமலே போடலாம்.

● அந்த ஊசியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். சின்னக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூள். கூடவே 10 மில்லி தண்ணீர். தண்ணீரை உள்ளே விட்டு, குப்பியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும், மருந்து வீண். இப்படிக் கரைத்ததை சலைனில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். கடித்த இடத்தில் குத்துவதில்லை. பக்கத்திலேயே அட்ரினலின் நிரப்பிய சிரிஞ்சு தயாராக இருக்கும். குதிரையிலிருந்து வந்த மருந்து என்பதால் சிலர் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. அரிப்பு, தடிப்பு, இருமல், நடுக்கம் வரலாம். வந்தால் நிறுத்தி, அட்ரினலின் போட்டு, அடங்கிய பிறகு மறுபடி ஏற்றுவார்கள். ஒவ்வாமைக்குப் பயந்து ஊசியே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதைவிட மடத்தனம் வேறில்லை.

● முதல் தவணையே 8 முதல் 10 குப்பி. ஏன் அவ்வளவு? ஒரு குப்பி சுமார் 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அந்தப் பாம்போ ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராமுக்குக் குறையாமல் இறக்கும். கணக்குச் சரியாக இருக்கிறதா?

● குழந்தைக்கு எத்தனை குப்பி? பெரியவர்களுக்கு எத்தனையோ அத்தனையே. ‘பச்சைப் பிள்ளைக்கு இத்தனையா’ என்று பெற்றோர் பதறுவார்கள். பாம்பு ஆள் பார்த்து அளவைக் குறைப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை, எடையை அல்ல. கர்ப்பிணிகளுக்கும் இதே சிகிச்சைதான்.

● விரியன் கடிக்கு முதல் தவணை போட்டு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனை நடக்கும். உறையாவிட்டால் இன்னொரு தவணை. நடுவில் எத்தனை முறை பார்த்தாலும் பயனில்லை. விஷம் முறிந்தாலும், தீர்ந்துபோன உறைபொருள்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் ஆகும்.

● எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் ஊசி போட மாட்டார்கள். ‘பாம்பு கடித்து வந்திருக்கிறோம், ஊசி போடாமல் உட்கார வைத்திருக்கிறார்கள்’ என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாம்பு ஆய்வாளர் கார்ல் ஷ்மிட்டை 1957 செப்டம்பரில் ஆப்பிரிக்க மரப்பாம்பு ஒன்று, அதுவும் குட்டி, கடித்தது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்து வீட்டுக்குப் போனார். உடம்பில் நடப்பதை நேரம் போட்டுக் குறிப்பெழுதினார். மறுநாள் காலை தேவலை என்று தோன்றியது. பிற்பகலில் இறந்துபோனார்.

● இன்னொரு ஆய்வாளர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி. 2001 செப்டம்பர் 11 அன்று வட மியான்மர்க் காட்டில், விஷமில்லாதது என்று நினைத்த ஒரு சிறு பாம்பு இருந்த பைக்குள் கையை விட்டார். அது கட்டுவிரியன் இனம். மூச்சு நிற்கப்போகிறது என்று அவருக்கே தெரியும். கூட இருந்தவர்களிடம் முன்கூட்டியே சொன்னார். அவர்கள் விடாமல் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். மழையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் அவர் உயிர் போயிற்று. வயது 38. நம் ஊரிலும் கட்டுவிரியனை அப்படியே உரித்துவைத்த மாதிரி விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் உண்டு. பாம்பையே வாழ்நாளெல்லாம் படித்தவர் ஏமாந்த இடத்தில் நாம் பரிசோதனை செய்ய வேண்டாம்.

● விஷமுறிவு மருந்தின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருந்து. இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும் விஷத்தில் பெரும்பகுதி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தது. ஒருகாலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்து அந்தப் பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று 1978-ல் இந்தச் சங்கம் உருவானது.

தடம், எச்சம், உரித்த சட்டை, வளை வாயில் மண் கிடக்கும் விதம் இவற்றைப் பார்த்தே உள்ளே என்ன பாம்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பிடித்த பாம்பு, வாயைத் துணியால் கட்டிய மண்பானையில் சுமார் மூன்று வாரம் இருக்கும். அதற்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய தோலைப் பாம்பு கடிக்க, மஞ்சளாக ஒன்றிரண்டு சொட்டு உள்ளே விழும். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். திரும்பப் பிடிபட்டால் இது போன தடவை வந்தது என்று தெரிந்துகொள்ள.

● இந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடிக்க. மோப்ப நாய், கருவி எல்லாம் வைத்துத் தேடியும் சரிவராத இடத்தில், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

● வடநெம்மேலி விஷம் மருந்து ஆவது குதிரை உடம்பில். குதிரைக்குக் கெடுதல் வராத சிறு அளவில் விஷத்தை ஏற்றி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவானதும் ரத்தம் எடுத்து, அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, உலர்த்தித் தூளாக்குகிறார்கள். 1895-ல் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் தொடங்கி வைத்த முறை இது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

● கால்மெட் தன் நாக மருந்து எல்லாப் பாம்புக்கும் செல்லும் என்று நம்பினார். செல்லாது, அந்தந்தப் பாம்புக்கு அதனதன் மருந்துதான் வேண்டும் என்று காட்டியவர் பிரேசிலின் விட்டல் பிரேசில். சாவோ பாவ்லோவில் இவர் நடத்திய புட்டான்டன் நிலையம் விவசாயிகளோடு ஒரு பண்டமாற்று வைத்திருந்தது. உயிரோடு பாம்பைப் பெட்டியில் அடைத்து அனுப்பினால் பதிலுக்கு மருந்து வரும்.

● அந்தப் பழைய சிக்கல் இங்கே இன்றும் தீரவில்லை. ஒரே வகைப் பாம்பானாலும் இடத்துக்கு இடம் விஷத்தின் சேர்மானம் மாறும். தமிழ்நாட்டு நாகத்தின் விஷத்தில் செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவுக்கு வேலை செய்யாது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு பாம்புக்கு வெளியே உள்ளவற்றுக்கோ மருந்தே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன் ஓர் உதாரணம். காபி, தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் இலைச்சருகின் நிறத்திலேயே கிடக்கும். அது கடித்தால் இந்திய ஊசி உதவாது. ஒவ்வாமை வந்ததுதான் கண்ட பலனாக இருக்கும். ரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துத்தான் காப்பாற்ற வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே வட்டாரத்து விஷத்தை நம்பியிருப்பது இனியும் நியாயமில்லை.

● இலங்கையிலும் பயன்படுவது இந்தியாவில் இருந்து போகும் மருந்துதான். அங்கே ஆண்டுக்கு 80 ஆயிரம் கடி, 30 ஆயிரம் பேருக்கு விஷம் ஏற்றம், 400-க்கும் மேல் இறப்பு என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

● ஆப்பிரிக்காவின் பத்து வகைப் பாம்புகளுக்குச் சேர்த்து ஒரு நல்ல மருந்து இருந்தது. லாபமில்லை என்று பிரெஞ்சு நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. கடைசித் தொகுப்பு 2016 ஜூனில் காலாவதியானது. அதற்கு அடுத்த ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இறப்பைப் பாதியாக்குவது இலக்கு. இந்தியாவும் 2024 மார்ச்சில் அதே இலக்கோடு தேசியச் செயல்திட்டம் அறிவித்தது.

● தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் இறப்பையும் தெரிவித்தாக வேண்டும். 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் வந்த உத்தரவு. எந்த வட்டாரத்தில் எந்த மாதம் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எங்கே எத்தனை குப்பி வைப்பது என்று திட்டமிட முடியும்.

● கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் பாட்ரிக் ரஸல் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் படங்களோடு பெரிய நூல் எழுதிய ஸ்காட்லாந்துக்காரர். அன்றைக்குப் பாம்புக்கடிக்குப் பிரபலமாக இருந்தது ‘தஞ்சாவூர் மாத்திரை’. ரஸல் அதைப் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். அதில் சேர்ந்திருந்த சரக்குகளில் ஒன்று பாஷாணம்!

● கொல்லும் விஷம் பிழைக்கவும் வைக்கும். ரத்தக் கொதிப்புக்கான ‘காப்டோபிரில்’ மாத்திரை பிரேசில் குழிவிரியன் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. மாரடைப்புக்குத் தரும் ‘டிரோபிபன்’ நம் சுருட்டை விரியன் விஷத்தைப் பார்த்து வடிவமைத்தது. ரத்தம் வழக்கத்துக்கு மாறாக உறையும் ஒருவகை நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையில், நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தையே இன்றும் சொட்டுவிடுகிறார்கள்.

● அமெரிக்காவில் டிம் ஃபிரீட் என்பவர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கே ஏற்றிக்கொண்டார். அவர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்களோடு ஒரு வேதிமருந்தையும் சேர்த்து உருவாக்கிய கலவை, 19 வகைப் பாம்புகளின் விஷத்திலிருந்து எலிகளுக்கு முழுமையாகவோ ஓரளவோ பாதுகாப்பு தந்தது என்று 2025-ல் ஆய்வு வெளியானது. எல்லாமே நாகம், கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை; விரியன்கள் பட்டியலில் இல்லை. மனிதர்களுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. தயவுசெய்து யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

● இப்போதைக்கு மலிவான விஷமுறிவு மருந்து மூன்று: டார்ச் லைட், செருப்பு, கொசுவலை. இரவில் கொல்லைக்குப் போகும்போது வெளிச்சம். வயலில் இறங்கும்போது பூட்ஸ். தரையில் படுத்தால் நான்கு பக்கமும் பாய்க்கடியில் செருகிய வலை. கட்டுவிரியன் வலையைத் தாண்டி உள்ளே வராது. விறகு அடுக்கையும் செங்கல் குவியலையும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நெல் மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பாம்புக்கடி ஊசி இருப்பு எங்கே, வென்டிலேட்டர் எங்கே என்று இந்த வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது. ஊரில் மந்திரிக்கிற பெரியவர் இருந்தால் அவரோடு வம்புக்குப் போகாதீர்கள். ‘ஐயா, நீங்களும் கூட வாருங்கள், ஆம்புலன்ஸில் உட்கார்ந்து மந்திரியுங்கள்’ என்று சொல்லுங்கள். எண் 108.